நம்ம வீட்டு முட்டை

ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து என்னைப் பாக்குற ஆளெல்லாம் ஒரே கேள்விதான் கேக்குறாங்க. "அண்ணே, அப்ப கோழி திங்கலாமா, கூடாதா?" ஏப்பா, மனுசன் செத்துப் பொழச்சு வந்திருக்கேன், உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் கோழியைப் பத்திக் கேக்கக் கூடாதா? ஒவ்வொருத்தருக்கா நின்னு வெளக்கம் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அதான் ஒரே தடவையா எழுதிப் போட்டுருவோம்னு உக்காந்துட்டேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிர்றேன். படிச்சு முடிச்சதும் உங்களுக்குத் தெளிவு பொறக்கும்னு நெனைக்காதீங்க, எனக்கே இன்னும் பொறக்கல.

எனக்குத் திண்டுக்கல்ல நத்தம் ரோட்டுப் பக்கம் பிராய்லர் கடை. பேரு முருகேசன், ஆனா கோழிக்கடைக்காரருன்னாத்தான் தெரியும். ஊருக்கெல்லாம் வெட்டிக் குடுத்தாலும் எங்க வீட்டு அடுப்புல பிராய்லர் ஏறுனதே இல்ல. எம் பொண்டாட்டி செல்வி விட மாட்டா. "ஊசியப் போட்டு ஊத வைக்கிற கோழி, அதை நான் எம் புள்ளைக்குக் குடுக்கணுமா?"ம்பா. அதை வித்த காசுலதான்டி நீ சேலை கட்டுறேன்னு நானும் சண்டை போட்டுப் பாத்துட்டேன், நடக்கல. உள்ளதைச் சொன்னா, எனக்கும் உள்ளுக்குள்ள அந்தச் சந்தேகம் உண்டு. அதனால பின்னாடி கொல்லையில நாட்டுக்கோழி வளக்குறோம். முட்டையும் நம்ம வீட்டுது, கறியும் நம்ம வீட்டுது, நம்ம கண்ணு முன்னாடி மேயுறது. இதுல என்ன வந்துரப் போகுதுன்னு ரெண்டு பேருக்குமே ஒரு தெனாவெட்டு இருந்துச்சு.

எங்களுக்கு ஒரே மக, நித்யா. எரியோடுங்குற ஊர்ல கட்டிக் குடுத்திருக்கு. போகாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்லன்னு வருசக்கணக்கா அலைஞ்சு, அதுக்கப்புறம் அவ வயித்துல உண்டான புள்ளை. வளைகாப்பு முடிச்சு, பிரசவத்துக்கு எங்க வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். செல்விக்குக் காலு தரையில நிக்கல. காலையில ரெண்டு நாட்டு முட்டை, இடையில கோழிச்சாறு, சாயந்தரம் இன்னொரு முட்டை. "போதும்மா, முட்டையப் பாத்தாலே கொமட்டுது"ன்னு நித்யா கையெடுத்துக் கும்புடுவா. "உனக்கா குடுக்குறேன், உள்ள இருக்குறதுக்குக் குடுக்குறேன், முழுங்கு"ன்னு இவ வாயில திணிப்பா.

இப்படி வீடு சந்தோசமா இருக்கையிலதான் எனக்கு வயித்து வலி வந்துச்சு. ஞாயித்துக்கெழமை, கடையில கூட்டம் நெரியுது, கத்தியை ஓங்குன கையோட அப்படியே குனிஞ்சுட்டேன். குடலை யாரோ ஈரத்துணி கணக்கா முறுக்கிப் பிழியுற மாதிரி ஒரு வலி. செத்த நேரம் இருந்துட்டு விட்டுரும். ஆகா, போயிருச்சுன்னு நிமிந்தா மறுபடி பிழியும். இதுல வெளிக்கும் போகல. மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கித் தின்னேன். வாயில இரும்பைச் சப்புன மாதிரி ஒரு ருசி மட்டும் போகவே மாட்டேங்குது.

முதல்ல பாத்த டாக்டர் அல்சர்னாரு. வாய் வழியா குழாயை விட்டுப் பாத்தாரு, அதுல ஒண்ணும் இல்ல. அடுத்தவரு குடல்வாலா இருக்கும்னு ஸ்கேனுக்கு அனுப்புனாரு. ஸ்கேன் எடுத்தவரு குடல்வாலு நல்லாத்தான இருக்குன்னு என்னையவே திருப்பிக் கேக்குறாரு. நான் என்னத்தைக் கண்டேன்? மூணாவது ஒருத்தரு, "மனசுல ஏதும் கவலை இருக்கா?"ன்னாரு. "வயிறு வலிக்குதுன்னு வந்தவன்கிட்ட வந்து கவலை இருக்கான்னா, இதுதான்யா கவலை"ன்னு கத்திப்புட்டேன். செல்விதான் என் சட்டையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தா.

ஒண்ணு மட்டும் எல்லாரும் ஒத்துமையாச் சொன்னாங்க, எனக்கு ரத்தம் ரொம்பக் கம்மின்னு. அது போதாதா செல்விக்கு? நித்யாவுக்கு நடந்த உபசாரம் எனக்கும் ஆரம்பிச்சிருச்சு. காலையில முட்டை, மத்தியானம் ஈரல் வறுவல், ராத்திரி எலும்புச் சாறு, எல்லாம் கொல்லைக் கோழிதான். திங்கத் திங்க எனக்கு வலி கூடிக்கிட்டே போகுது. வலி கூடக் கூட, ரத்தம் இன்னும் ஊறலன்னு இவ இன்னொரு முட்டையச் சேத்து வைக்கிறா. அதுல ஏதும் இருக்கும்னு எங்க ரெண்டு பேருக்கும் கனவுலகூடத் தோணல.

அப்புறம் ஒருநா கத்தி கையில நிக்காம கீழ விழுந்துச்சு. எடுக்கப் போனா, மணிக்கட்டு தொங்குது. கையை நேரா நீட்டுனா முன்னங்கை நிக்குது, மணிக்கட்டுக்கு அங்கிட்டு உள்ளது துவண்டு போயிக் கெடக்கு. பக்கவாதம்னு கடையிலயே ஆளாளுக்குக் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. மாப்பிள்ளை கார்த்தி எரியோட்டுல இருந்து காரைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தாரு. நேரா மதுரைக்கு விட்டோம். கொடைரோடு டோல்கேட்டுல வரிசையில நிக்கையில கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன். மாப்பிள்ளை ஒரு கையால என் நெத்தியைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டாரு. பேரப்புள்ளை மொகத்தைப் பாக்காம போயிருவேன் போலன்னு அப்பத்தான் எனக்கு முதமுதலா அழுகை வந்துச்சு.

மதுரை ஆஸ்பத்திரியில காத்திருக்குறதே ஒரு தனி வியாதி. சீட்டு வாங்க ஒரு எடம், ரத்தம் குடுக்க ஒரு எடம், மூளைக்கு ஸ்கேன் எடுக்க ஒரு எடம். ஒவ்வொரு எடத்துலயும் நீங்க இங்க வரக் கூடாதேம்பாங்க. மூளை ஸ்கேன்ல வாதம் இல்லன்னு வந்துருச்சு. அப்ப ஏன் கை தொங்குதுன்னு கேட்டா, "அதான் பாக்குறோம்"ங்குறாங்க. பாக்குறாங்க, பாக்குறாங்க, பாத்துக்கிட்டே இருக்காங்க.

அங்க ஒரு டாக்டரம்மா, எங்க நித்யா வயசுதான் இருக்கும். வந்ததும் வயித்தையும் அமுக்கல, கையையும் பாக்கல, வாயைத் திறங்கன்னு சொல்லி டார்ச்சை அடிச்சாங்க. "பல்லுக்கு அடியில ஈறு ஓரமா நீலமா ஒரு கோடு இருக்கு, பாத்தீங்களா?"ன்னாங்க. எங்க பாக்க, வெத்தலை போட்ட வாயின்னு நெனச்சிருக்கேன். என் ரத்தத்தைக் கண்ணாடியில தடவிப் பாத்தப்போ, செவப்பணுக்குள்ள நீலப் புள்ளி புள்ளியாத் தெரிஞ்சுச்சாம். ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா ஈயம் மாதிரி இருக்குன்னாங்க.

"ஈயமா? பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அதா?"ன்னா செல்வி.

"அது வெள்ளீயம்மா, அது வேற. இது காரீயம். கார் பேட்டரிக்குள்ள இருக்கும், அந்தக் காலத்துப் பெயிண்ட்டுல இருக்கும். கன உலோகம்னு சொல்லுவோம். பாதரசம், காட்மியம்னு இந்த ஜாதியில நெறைய இருக்கு. உடம்புக்கு இதால ஒரு பிரயோசனமும் கெடையாது. ஆனா உடம்பு ஏமாந்துரும், சுண்ணாம்புச் சத்துன்னு நெனச்சு எலும்புல கொண்டுபோயி வச்சுக்கும். ரத்தம் ஊற விடாது, குடலை இழுத்துப் பிடிக்கும், நரம்பைக் கெடுக்கும்."

அப்புறம் கேள்வி மேல கேள்வி. பேட்டரி வேலை பாத்தீங்களா? இல்ல. பஸ்பம், செந்தூரம்னு ஏதாவது சாப்டீங்களா? இல்ல. வீட்டுல சமீபத்துல பெயிண்ட் அடிச்சீங்களா? "வளைகாப்புக்காக அடிச்சோம், ஆனா அடிச்சது பெயிண்டரு, நான் பிரஸ்ஸைத் தொடவே இல்ல"ன்னு சொன்னேன். அப்ப என்ன தொழில் பண்றீங்கன்னாங்க. பிராய்லர் கடைன்னு சொன்னதுதான் தாமதம், பக்கத்துல நின்ன நர்சு அவங்க மொகத்தைப் பாக்குறா, அவங்க நர்சு மொகத்தைப் பாக்குறாங்க. "உறுதியா எதுவும் சொல்ல முடியாது, ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்புறோம், வரட்டும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

வரட்டும்னா எப்ப வரும்? தெரியல. அதுவரைக்கும் படுக்கையில கெடந்து யோசிக்கிறதுதான் வேலை. அடுத்த கட்டில்ல நத்தத்துக்காரர் ஒருத்தரு, மாந்தோப்பு வச்சிருக்குறவரு, கிட்னியில கல்லுன்னு வந்திருந்தாரு. அவருக்கு விசயம் தெரிஞ்சதும் போனை எடுத்துட்டாரு. பிராய்லர் தீனியில தோல் கழிவைக் கலக்குறாங்கன்னு ஒரு வீடியோ. அதுல ஈயம் இருக்குன்னு ஒண்ணு, ஆர்சனிக் இருக்குன்னு இன்னொண்ணு, எல்லாமே பொய்யின்னு வேற ஒரு டாக்டர் பேசுறது நாலாவதா. "இதுல எது நெசம்ணே?"ன்னு கேட்டேன். "எது நெசமோ, உங்க தொழில் முடிஞ்சது மாப்ளே"ன்னு சிரிச்சாரு. நல்ல மனுசன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவரு சொன்ன மாதிரியே ஆயிருச்சு. கடையைப் பாத்துக்கிட்டிருந்த என் மச்சினன் போன் பண்ணுறான். "மாமா, உங்களுக்கு கோழியாலதான் சீக்குன்னு ஊரெல்லாம் பேச்சு. ஈ காக்கா வரல. உணவுப் பாதுகாப்பு ஆபீசர் வந்து கறியில சாம்பிள் வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாரு." எனக்குக் கோபம் வரணும், வரல. ஊருல இருக்குற எல்லாருக்கும் நான் எத்தனை வருசமா வெட்டிக் குடுத்திருக்கேன், அம்புட்டுப் பேருக்கும் இது இருக்குமோன்னு பயம் பிடிச்சிக்கிருச்சு. உடனே இன்னொண்ணும் தோணுது, நான்தான் அதைத் திங்குறதே இல்லையே, எனக்கு எப்படி? தொட்டாலே ஏறுமா? ரத்தம் தெறிச்சா ஏறுமா? தலையும் புரியல, வாலும் புரியல.

செல்வி மட்டும் நிம்மதியா இருந்தா. "அந்தச் சனியனை வீட்டுக்குள்ள விடக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல? நல்லவேளை, நித்யாவுக்கு நம்ம வீட்டுக் கோழி. இல்லாட்டி என்ன கதி ஆயிருக்கும்?"னா. எனக்கும் அதைக் கேட்டு நெஞ்சுல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. இனி அவ வேற எதையும் வெளிய வாங்கித் திங்க வேணாம், நம்ம முட்டையே இன்னொண்ணு சேத்துக் குடுன்னு நான்தான் சொன்னேன்.

ரிசல்ட்டு வந்துச்சு. ஈயமேதான், இருக்கக் கூடிய அளவைவிடப் பல மடங்கு. அதுக்கு ஒரு மருந்து உண்டாம். நரம்பு வழியா ஏத்துனா, ரத்தத்துல சுத்துற ஈயத்தைக் கவ்விப் பிடிச்சு மூத்திரத்தோட வெளியேத்தும். அது எல்லா எடத்துலயும் கெடைக்காது, கார்த்திதான் எங்கெங்கயோ அலைஞ்சு கொண்டாந்தாரு. காப்பீட்டு அட்டையக் கொண்டுபோனா, இந்தச் சீக்கு அதுல வராதுன்னுட்டாங்க. மூத்திரத்தைக்கூட வீணாக்காம கேன்ல பிடிச்சு வைக்கணும், அளந்து பாப்பாங்க. கை வராததால, மாப்பிள்ளைதான் சோத்தைப் பிசைஞ்சு ஊட்டுவாரு, சவரம் பண்ணி விடுவாரு. மாமனாருக்கு இதைச் செய்யணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து? எனக்குக் கூச்சமா இருக்கும், கண்ணை மூடிக்கிட்டு முழுங்குவேன்.

டாக்டரம்மா ஒரு விசயத்தை மட்டும் விடல. "எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்காட்டி இந்த மருந்தால பிரயோசனமே இல்ல, ஒரு பக்கம் எறைச்சா மறுபக்கம் ஊறும். உங்க வீட்டுல கொழந்தைங்க, மாசமா இருக்குறவங்க யாரும் இருக்காங்களா?"ன்னாங்க. மக இருக்கா, இது கடைசி மாசம்னேன். அவங்க சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. தாய் ரத்தத்துல இருக்குற ஈயம் கொடி வழியா நேரா புள்ளைக்குப் போயிருமாம். வளர்ற மூளைக்கு அது ஆகாது, பின்னாடி பேச்சு, படிப்பு, புத்தி எல்லாத்துலயும் காட்டும்னாங்க. செல்வி குறுக்க விழுந்து, "அவ கடைக்கோழியக் கையால தொட்டதில்லம்மா"ன்னா. "இருக்கட்டும், ஒரு தடவை ரத்தத்தைப் பாத்துருவோம், கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. நெறமாசக்காரியை இம்புட்டு தூரம் எதுக்குக் காருல இழுத்தடிக்கணும்னு நாங்கதான் ரெண்டு நாள் போகட்டும்னு தள்ளிப் போட்டோம்.

மறுநா மத்தியானம் செல்வி வீட்டுல இருந்து தூக்குச்சட்டி கொண்டாந்தா. மருந்து ஏறுறதுல நாக்கு செத்துப் போச்சுன்னு சொல்லியிருந்தேன், அதுக்காகக் கோழிக் கொழம்பு. உருட்டி ஒரு வாய் குடுத்தா. நல்லா மென்னுக்கிட்டே, "எந்தக் கோழிடி?"ன்னு கேட்டேன்.

"அந்தச் செவலை வெடக்கோழிதான். ரெண்டு நாளா இரை எடுக்காம கழுத்தைத் தொங்கப் போட்டுத் தள்ளாடிக்கிட்டே திரிஞ்சுச்சு. பச்சையா கழிஞ்சுச்சு. சாகட்டும்னு விடவா முடியும்? அதுக்குள்ள அறுத்துட்டேன்."

எங்க பக்கத்துல எல்லா வீட்டுலயும் செய்யுறதுதான், கோழி சொணங்குனா சட்டிக்குப் போயிரும். நான் தொழில்காரனாச்சே, அறுத்தா உள்ள என்ன இருந்துச்சுன்னு கேக்காம இருக்க முடியாது. கோழிக்குப் பல்லு கெடையாது. கல்லையும் மண்ணையும் பொறுக்கி முழுங்கி, வயித்துல ஒரு கெட்டியான சதைப்பையில வச்சுக்கும். அதை வச்சுத்தான் தீனியை அரைக்கும். அந்தப் பையைக் கிழிச்சுப் பாத்தாலே அது எங்க மேஞ்சுச்சுன்னு சொல்லிரலாம்.

"பையில என்னடி இருந்துச்சு?"

"கல்லுதான். பச்சப் பச்சையா சில்லுச் சில்லாவும் கொஞ்சம் இருந்துச்சு. நம்ம பழைய கதவுல உரிச்சமே, அந்தப் பெயிண்ட்டு மாதிரி. கழுவிட்டேன்ல, நீங்க தின்னுங்க."

வாயில இருந்ததை அப்படியே தட்டுல துப்பிட்டேன். செல்விக்கு மொகம் மாறிப் போச்சு, உப்புக் கூடிருச்சான்னு கேக்குறா. 

நடந்தது இதுதான். எங்க வீடு அப்பா காலத்துது. கதவு, ஜன்னல் எல்லாம் பச்சைப் பெயிண்ட்டு, வருசத்துக்கு வருசம் மேல மேல அடிச்சு ஏடு மாதிரி நிக்கும். வளைகாப்புக்குப் புதுசா அடிக்க வந்த பெயிண்டரு, பழசைச் சுரண்டித் தந்தாத்தான் பிரஸ்ஸைத் தொடுவேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நானே மெஷினை வாடகைக்கு எடுத்து, மூக்குல ஒரு துண்டுகூடக் கட்டாம தேய்ச்சுத் தள்ளுனேன். வீடே பச்சைப் புழுதி. கேள்வி கேட்டப்போ, பிரஸ்ஸைத்தான் தொடலன்னு அந்தம்மாகிட்ட பெருமையாச் சொன்னேன், சுரண்டுறதும் பெயிண்ட்டு வேலைல சேத்தின்னு எனக்கு ஒறைக்கவே இல்ல. அதோட விட்டேனா? செவுத்துல உதிர்ந்த சுண்ணாம்பு, பெயிண்ட்டுச் சில்லு எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டி செல்வி குப்பையில கொட்டப் போனா. நான்தான் தடுத்தேன். "கிறுக்கி, சுண்ணாம்பைக் கோழி கொத்துனா முட்டை ஓடு கெட்டியாகும். கோழி அடைக்கிற பஞ்சாரத்துக்குப் பக்கத்துல கொட்டு"ன்னேன். கோழித் தொழில் தெரிஞ்சவன்ல நான்! அதைத்தான் அம்புட்டு நாளும் கோழி கொத்தியிருக்கு.

"ஈரலை என்ன பண்ணுன?"ன்னு கேட்டேன்.

"நித்யாவுக்கு வறுத்துக் குடுத்துட்டு வந்தேன்"னா. சொல்லும்போதே அவளுக்கு வெளங்கிருச்சு. தட்டைக் கீழ வச்சுட்டு, தலையில அடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா. நத்தத்துக்காரர்கூட போனை அமத்திட்டு எந்திருச்சு உக்காந்துட்டாரு.

நித்யாவுக்கு நான்தான் போன் பண்ணுனேன். செல்வியால பேச முடியல. "தாயி, இனிமே நம்ம வீட்டு முட்டையத் தொடாத"ன்னேன். ஏம்ப்பான்னா. சொன்னேன்.  அப்புறம், "இப்பத்தானப்பா ரெண்டு தின்னேன், கக்கிரட்டுமா?"ன்னு கேட்டா. சின்னப்புள்ளையில எதையாவது முழுங்கிட்டு வந்து கேப்பாளே, அதே கொரல்.  டாக்டரம்மா போனை வாங்கி, கக்கெல்லாம் வேணாம், ஒடனே கெளம்பி வாங்கன்னு சொன்னாங்க.

அன்னைக்கே ரத்தம் எடுத்தாச்சு. அதுக்கப்புறம் காத்திருந்தது இருக்கே, அதைப் பத்தி என்னால சரியாச் சொல்ல முடியாது. எனக்கு எது வந்தாலும் வந்துட்டுப் போகட்டும், அந்தப் புள்ளைக்கு மட்டும் ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். கோழியப் பத்தி ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. பக்கத்து வீட்டுக்காரரு, நல்ல வெலைக்கு எடுத்துக்கிறேன்னு ஆளனுப்புறாரு! திங்கவும் கூடாது, விக்கவும் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிசனாச் சொல்லிட்டாங்க. மாட்டாஸ்பத்திரியில கேட்டு, ரெண்டு முட்டையச் சோதனைக்குக் குடுத்துட்டு, கார்த்தி பெரிய குழியாத் தோண்டி எல்லாத்தையும் பொதைச்சாரு. கொல்லை மண்ணையும் வழிச்சு அள்ளிட்டாரு.

நித்யா ரிசல்ட்டு வந்துச்சு. என் அளவு இல்ல. ஆனா இருக்கு.

"மருந்து ஏத்துற அளவுக்கு இல்ல. ஈயம் உள்ள போறது நின்னுருச்சுல்ல, கால்சியமும் இரும்புச் சத்தும் தாறோம், பாத்துக்கலாம்"னாங்க டாக்டரம்மா.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஈயத்துல இம்புட்டுதான் இருக்கலாம், இருந்தா ஒண்ணும் செய்யாதுன்னு ஒரு அளவே கெடையாதுங்க. அதுக்காக இப்பவே பயந்து சாகவும் வேணாம்."

அதென்ன பதில்? பயப்படணுமா, வேணாமா? ஒண்ணைச் சொல்லுங்கம்மான்னு கெஞ்சிப் பாத்தேன், அதட்டிப் பாத்தேன். "எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்ல முடியும்"னாங்க. எனக்கு வந்தது புழுதியாலயா, முட்டையாலயான்னு கேட்டேன். ரெண்டாலயும் இருக்கும், எதால எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னாங்க. முட்டைச் சோதனையில ஈயம் வந்துச்சு. என் கடைக்கறிச் சாம்பிள்ல ஒண்ணும் இல்லன்னு ஆபீசர் சொல்லிட்டாரு. "மாமா, நம்ம கறி சுத்தமாம்!"னு மச்சினன் போன்ல குதிக்கிறான். சிரிக்கிறதா அழுகிறதான்னு தெரியாம போனை வச்சேன். ஏன்னா அந்த ஒரு கறியில இல்ல, அம்புட்டுதான். மத்த கோழியப் பத்தி நான் எப்படிச் சத்தியம் பண்ணுறது?

எரியோட்டுச் சம்பந்தியம்மா வந்து கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டாங்க. "பிரசவத்துக்குன்னு நம்பி அனுப்புனா, விசத்தைச் சமைச்சுப் போட்டிருக்கீங்களே."   என்னத்தைச் சொல்லுவேன், அவங்க சொன்னது முழுசாவும் நெசம் இல்ல, பொய்யும் இல்ல.

எனக்கு மருந்து முடிச்சு வீட்டுக்கு விட்டு, கை பாதிக்குப் பாதி தூக்க வந்த சமயத்துல, திண்டுக்கல்லயே ஒரு ஆஸ்பத்திரியில நித்யாவுக்குப் பொண்ணு பொறந்துச்சு. நல்லாக் கத்துச்சு, கை காலை நல்லா ஒதைச்சுச்சு. மதுரை டாக்டரம்மா சொல்லி வச்சிருந்ததால தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து அனுப்புனாங்க. அதோட ரிசல்ட்டு பின்னாடிதான் வந்துச்சு. கொஞ்சமா இருக்கு, வளர வளரப் பாத்துக்கிட்டே வருவோம்னு சொல்லியிருக்காங்க. ஆனா அன்னைக்கு எங்களுக்கு அதுகூடத் தெரியாது.

அன்னைக்குப் பிரச்சினை தாய்ப்பால். தாராளமாக் குடுக்கலாம், இந்த அளவுக்கு நிறுத்தவே கூடாதுன்னு மதுரையில இருந்து போன்லயே சொல்லிட்டாங்க. சம்பந்தியம்மா ஒத்துக்கல. "மருமக ரத்தத்துல இருக்குறது பால்ல வராதா? ரிசல்ட்டு வரட்டும், அதுவரைக்கும் பவுடர் பாலைக் கரைச்சுக் குடுப்போம்"னு நின்னுட்டாங்க. அவங்க கேக்குறதுலயும் ஒரு நியாயம் இருக்குற மாதிரிதான் எனக்குத் தெரியுது. செல்வி, டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்குறா, அடுத்த நிமிசமே எதுக்கும் ரெண்டு நாள் பொறுப்போமேங்குறா. நம்ம வீட்டுது நல்லதுன்னு நம்பிக் குடுத்துத்தான் இம்புட்டும் வந்துச்சுன்னு அவளுக்கு நெஞ்சுல அடிச்சிருச்சு. கார்த்தி என் மொகத்தைப் பாக்குறாரு. வீட்டுல எது ஒண்ணுன்னாலும் நான்தான் சத்தம் போட்டு முடிவு சொல்லுவேன். அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தோணல. கீழ மெடிக்கல்லுக்குப் போயி, பவுடர் பால் டப்பா ஒண்ணு வாங்கியாந்து மேசையில வச்சேன். வச்சுட்டு, பிரிக்கவா வேணாமான்னு நின்னேன்.

புள்ளை வீறிட்டுக் கத்துது. நாங்க நாலு பேரும் கட்டிலைச் சுத்தி நின்னு வாதாடிக்கிட்டிருக்கோம். சுடுதண்ணி எங்கங்குறாங்க ஒருத்தர், செத்த பொறுங்கங்குறாங்க இன்னொருத்தர். நித்யா எங்க எல்லாரையும் ஒரு தடவை பாத்தா. பாத்துட்டு, "அம்மா, அந்தக் கதவைச் சாத்து"ன்னா. சம்பந்தியம்மா என்னமோ சொல்ல வாயெடுத்தாங்க. அவ கேக்கல, புள்ளையத் தூக்கி மடியில போட்டுக்கிட்டுத் திரும்பி உக்காந்துட்டா. நானும் மாப்பிள்ளையும் வெளிய வந்துட்டோம். உள்ள கத்தல் விட்டு விட்டு வந்துச்சு, அப்புறம் வரல.

செத்த நேரம் கழிச்சுக் கதவைத் திறந்தாங்க. புள்ளை தூங்குது. நான் கட்டில் பக்கத்துல போயி, "உனக்குப் பயமா இல்லையா தாயி?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

"பயமாத்தாம்ப்பா இருக்கு"ன்னா. "அதுக்காக, பசின்னு அழுகுறவகிட்ட ரிசல்ட்டு வரட்டும்னு சொல்ல முடியுமா?"

நான் டப்பாவை எடுத்துக்கிட்டு, வாங்குன கடையிலயே திருப்பிக் குடுக்கலாம்னு படியிறங்குனேன்.